640 மீற்றரில் ஒரு போட்டி: யாழ்ப்பாண வளாகமொன்றில் சிலிக்கன் ஒளிச்சில்லும் பழைய இணைப்பு வன்பொருளும்

யாழ் நகரையொட்டிய ஒரு வளாகம், இரண்டு கட்டடங்கள். பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பிரதான சேவையக அறை இருக்கிறது. காப்புப் பிரதிகளுக்கான இரண்டு ராக் புதிய கட்டடத்தில். இடையே நிலத்தடிக் குழாய்வழியாக 640 மீற்றர் ஒற்றைமுறை பைபர் (ஒளி ஒரே வழியில் போகும் மெல்லிய கண்ணாடியிழை) போகிறது. அதில் 10 ஜிகாபிட் எல்ஆர் (நீண்ட தூர வகை) இணைப்பு ஒன்று பல வருடங்களாக எந்த முறைப்பாடும் இல்லாமல் ஓடியது. தரவு பெருகி, இரவில் தொடங்கும் காப்புப் பிரதி விடிந்தும் முடியாமல் இழுபடவே, இணைப்பை 100 ஜிகாபிட்டுக்கு உயர்த்துவது என்று முடிவானது.

வாங்கும் பட்டியலில் ஒரு பக்கம் செப்புக் கேபிளும் நான்கு லேசர் கொண்ட பழைய ஒளி மொடியூலும் (சுவிட்சில் செருகி, மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின்னாகவும் மாற்றும் பாகம்) நின்றன. மறுபக்கம் சிலிக்கன் ஒளிச்சில்லில், அதாவது ஒளி ஓடும் கோடுகளை அச்சிட்ட சிலிக்கன் சில்லில், செய்த புதிய மொடியூல். செலுத்தும் வேகம் எல்லாவற்றிலும் அதே 100 ஜிகாபிட்தான். ஆகவே தூரம், வெப்பம், பழுதானால் எதைக் கழற்றி மாற்றலாம் என்பவற்றை வைத்தே தெரிவு செய்ய வேண்டியிருந்தது. பெரிய தரவு மையங்களில் இந்தத் தொழில்நுட்பம் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளில் பாதிக்கு மேல் இந்த அளவில் பொருந்தாது. பொருந்தும் மீதிக்கு மதிப்பு அதிகம்.

சில்லுக்குள் நடப்பது

சிலிக்கன், ஏறக்குறைய 1.1 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட அலைநீளங்களை உறிஞ்சாமல் விட்டுவிடும். பைபரில் பயன்படும் 1310, 1550 நானோமீற்றர் இரண்டும் அந்த எல்லைக்குள் வருகின்றன. சிலிக்கனின் ஒளிமுறிவுச் சுட்டி 3.5 அளவு, சுற்றியிருக்கும் சிலிக்கா கண்ணாடியினுடையது 1.44. இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால் 220 நானோமீற்றர் தடிப்பும் 450 முதல் 500 நானோமீற்றர் அகலமும் கொண்ட மெல்லிய கோட்டுக்குள் ஒளியை அடைத்து, சில மைக்ரோமீற்றர் ஆரையில் வளைத்துக்கூடக் கொண்டுபோகலாம். சாதாரண சில்லுத் தொழிற்சாலையின் செதில்களிலேயே நூற்றுக்கணக்கில் அச்சிட முடிவது இதனால்தான்.

ஆனால் சிலிக்கன் தானாக ஒளி தராது. அதன் ஆற்றல் இடைவெளி மறைமுகமானது. மின்சாரம் கொடுத்தால் சூடாகுமே தவிர லேசராகாது. இண்டியம் பொஸ்பைட்டில் செய்த லேசரை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டும். பெறும் பக்கத்தில் ஜெர்மானியத்தைச் சிலிக்கன் மேல் வளர்த்து ஒளியுணரி செய்கிறார்கள். இன்டெல் 2004 இல் 1 ஜிகாஹேர்ட்ஸைத் தாண்டிய சிலிக்கன் மொடுலேற்றரை (ஒளியில் தரவைப் பதிக்கும் பாகம்) காட்டியது. கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2006 இல் கலப்பு லேசரைச் செய்தது. 100 ஜிகாபிட் மொடியூல்களை 2016 இல் சந்தைக்கு அனுப்பியது. அதே நிறுவனம் 2023 இல் மொடியூல் வணிகத்தை ஜேபில் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. தொழில்நுட்பத்தில் முன்னோடியாக இருப்பதும் மொடியூல் விற்றுப் பிழைப்பதும் வேறுவேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

இன்னொரு சிக்கல் பைபரைச் சில்லோடு சேர்ப்பது. ஒற்றைமுறை பைபரின் உள்ளகம் 9 மைக்ரோமீற்றர் அளவு. சில்லிலுள்ள கோடு அரை மைக்ரோமீற்றர். இந்த இடத்தில் 1 முதல் 3 டெசிபெல் வரை ஒளி வீணாகும்; 3 டெசிபெல் என்றால் பாதி ஒளி. சில்லு எவ்வளவு மலிவாக அச்சானாலும் பைபரை நேர்ப்படுத்தி ஒட்டும் வேலையில் செலவு திரும்பி வந்துவிடும்.

ராக்குக்குள் செம்பே போதும்

முதல் தீர்மானத்துக்கு யோசிக்க ஒன்றுமில்லை. சேவையகத்திலிருந்து அதே ராக்கின் மேலுள்ள சுவிட்சுக்கு 1 மீற்றரும் 2 மீற்றரும்தான். அங்கே நேரடிச் செப்புக் கேபிள் போடப்பட்டது. அதற்குள் லேசரும் இல்லை, சிக்னலைச் சரிசெய்யும் சில்லும் இல்லை. மின்சாரம் குடிப்பது கணக்கில் எடுக்க வேண்டாத அளவு. 25 ஜிகாபிட்டில் 3 மீற்றர் வரை சுலபமாகப் போகும். 5 மீற்றருக்கு இரு முனையிலும் ஆர்எஸ் பிழைதிருத்தம் (வழியில் கெட்ட பிட்டுகளைத் திருத்தும் குறியீடு) போட வேண்டும். நான்கு தடங்கள் கொண்ட 100 ஜிகாபிட் சிஆர்4 கேபிளுக்கும் 5 மீற்றரே எல்லை.

தடமொன்றின் வேகம் கூடக்கூட இந்த எல்லை சுருங்குகிறது. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் தோலோடு மட்டும் ஓடுவதால் வரும் இழப்பு, அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தோடு ஏறும். கம்பியைச் சுற்றியுள்ள காப்புப் பொருளின் இழப்போ அதிர்வெண்ணோடு நேராகவே ஏறும். தடத்துக்கு 100 ஜிகாபிட் என்று வரும்போது வெறும் செம்புக்கு 2 மீற்றர் அளவே மிஞ்சுகிறது. முனைகளில் சிக்னலைப் புதுப்பிக்கும் சில்லு வைத்த செப்புக் கேபிள்கள் அதை 5, 7 மீற்றருக்கு நீட்டுகின்றன. செம்பு இன்னும் களத்தை விடவில்லை. என்விடியா 2024 இல் அறிவித்த 72 செயலிகள் கொண்ட ராக்கில் 5000க்கு மேற்பட்ட செப்புக் கேபிள்கள் இருக்கின்றன. அங்கே ஒளியைப் போட்டிருந்தால் 20 கிலோவாட் கூடுதலாகச் செலவாகியிருக்கும் என்று அந்த நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையிலேயே சொன்னார். ஒளிச்சில்லுக்கு அதிகம் செலவிடும் நிறுவனமே ராக்குக்குள் செம்பைத் தெரிவு செய்கிறது என்றால், யாழ்ப்பாணத்தில் இரண்டு ராக் வைத்திருப்பவர் வேறு முடிவெடுக்கக் காரணமில்லை.

செம்பில் பழுது வரும் வழிகள் குறைவு. கேபிளைக் கதவோடு நசுக்குவது, தலைக்கு அருகே கூர்மையாக மடிப்பது, பாரத்தைப் போர்ட்டில் தொங்கவிடுவது. கட்டடம் விட்டுக் கட்டடம் மட்டும் செம்பு போகக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை இடிமழைக் காலத்தில் இரண்டு கட்டடங்களின் நில மின்னழுத்தம் ஒன்றாக இராது. அந்த வேறுபாடு கேபிள் வழியே சுவிட்சுக்குள் பாயும். பைபருக்கு இந்தப் பயமில்லை. ஆனால் எலிக்கும் அணிலுக்கும் பயந்து இரும்புக் கவசமுள்ள பைபர் கேபிள் போட்டால், கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் கவசத்தைத் துண்டித்து நிலத்தொடுப்புக் கொடுக்காவிட்டால் அந்தக் கவசமே மின்னலை உள்ளே அழைத்துவரும்.

640 மீற்றருக்கு எந்த மொடியூல்

850 நானோமீற்றர் லேசரில் ஓடும் எஸ்ஆர்4, ஓஎம்4 எனும் பன்முறை பைபரில் 100 மீற்றரோடு நின்றுவிடும். சிலிக்கன் ஒளிச்சில்லின் முதல் வெற்றிகளில் ஒன்றான பிஎஸ்எம்4, ஒரே லேசரை நான்காகப் பிரித்து நான்கு பைபரில் அனுப்பி, இன்னும் நான்கில் பெறுவது. 500 மீற்றர்தான் போகும். ஒற்றை அலைநீள டிஆர் மொடியூலுக்கும் அதே 500. எஸ்ஆர்4 540 மீற்றரில் கழிந்தது, மற்ற இரண்டும் வெறும் 140 மீற்றரில்.

மிஞ்சிய மூன்றில் எல்ஆர்4 மூத்தது. 2010 இல் தரப்படுத்தப்பட்டது, 10 கிலோமீற்றர் போகும். 1295 முதல் 1309 நானோமீற்றர் வரை நான்கு லேசர்கள் அதில் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் 2 நானோமீற்றர் அளவே. லேசரின் அலைநீளம் பாகை ஒன்றுக்கு ஏறக்குறைய 0.1 நானோமீற்றர் நகரும். வெப்பம் 20 பாகை மாறினால் தன் காணியை விட்டு வெளியே போய்விடும். ஆகையால் உள்ளே ஒரு மின்குளிரூட்டி எப்போதும் ஓட வேண்டும். அடுத்தது சிடபிள்யூடிஎம்4. 1271, 1291, 1311, 1331 என்று 20 நானோமீற்றர் இடைவெளி, குளிரூட்டி வேண்டாம், 2 கிலோமீற்றர். மூன்றாவது எஃப்ஆர்1, 2021 தரப்பாடு. லேசர் ஒன்று, அலைநீளம் ஒன்று, 1304.5 முதல் 1317.5 வரை தாராளமான இடம், 2 கிலோமீற்றர். சுவிட்சிலிருந்து வரும் நான்கு 25 ஜிகாபிட் தடங்களை மொடியூலுக்குள் இருக்கும் சிக்னல் சில்லு ஒன்றாக்கி, நான்கு ஒளி மட்டங்கள் கொண்ட பிஏஎம்4 குறியாக மாற்றி, சிலிக்கன் மொடுலேற்றர் வழியே செலுத்துகிறது.

எஃப்ஆர்1 தெரிவானது. நான்கு லேசருக்குப் பதில் ஒன்று என்பதால் பழுதாகக்கூடிய பாகங்கள் குறைவு. பிறகு ஒருநாள் 400 ஜிகாபிட் சுவிட்ச் வந்தால், அதன் ஒரு போர்ட்டை நான்காகப் பிரித்து இதே ஒற்றை அலைநீள மொடியூல்களோடு பேசவைக்கலாம். மற்ற இரண்டுக்கும் அந்த வழியில்லை. மின்சாரச் சேமிப்பு இந்தத் தெரிவுக்குக் காரணமாக இருக்கவில்லை. மூன்று வகையும் 3.5 முதல் 4.5 வாட்டுக்குள்தான் நிற்கின்றன. இரண்டு மொடியூலில் அரை வாட்டை மிச்சம்பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் சுவிட்ச் போர்ட் 3.5 வாட்டுக்கு மேல் அனுமதிக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். அனுமதிக்காத போர்ட்டில் மொடியூல் குறைந்த மின்நிலையிலேயே உறங்கிவிடும், லேசர் எரியாது.

வாங்குபவர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. எஃப்ஆர்1 என்பது வெளியே வரும் ஒளிக்கான தரப்பாடு மட்டும். உள்ளே சிலிக்கன் சில்லும் இருக்கலாம், இஎம்எல் எனும் இண்டியம் பொஸ்பைட் லேசரும் இருக்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று சிக்கலின்றிப் பேசும். பழைய பாதை புதிய பாதைக்கு எவ்வளவு நெருக்கமாகப் போட்டி கொடுக்கிறது என்பது இங்கே தெரியும்: முகப்பைப் பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒளி இழப்புக் கணக்கு

1310 இல் கிலோமீற்றருக்கு 0.35 டெசிபெல் என்று வைத்தால் 640 மீற்றருக்கு 0.22. கொனெக்டர் இணைப்பு நான்கு, ஒவ்வொன்றும் 0.5 வீதம் 2.0. உருக்கி ஒட்டிய மூட்டு நான்கு, 0.1 வீதம் 0.4. மொத்தம் 2.62 டெசிபெல். எஃப்ஆர்1 தாங்குவது 4.0. தாளில் 1.38 மிச்சம். எல்ஆர்4 ஆக இருந்தால் 6.3 வரை தாங்கும். புதியதன் பொறுமை குறைவு என்பதை இந்த இரண்டு எண்களே காட்டுகின்றன. மொடியூலை ஏற்றியதும் தெரிந்ததும் அதுதான்.

இணைப்பு எழும்பியும் பிழை வந்த கதை

மொடியூல்களைச் செருகியதும் இணைப்பு எழும்பவில்லை. சுவிட்சின் இயல்பான அமைப்பில் ஆர்எஸ் பிழைதிருத்தம் போடப்பட்டிருந்தது. சிடபிள்யூடிஎம்4 க்கு அது சுவிட்சில் கட்டாயம் வேண்டும். எஃப்ஆர்1 க்கோ அதைவிட வலுவான பிழைதிருத்தம் மொடியூலுக்குள்ளேயே நடக்கிறது. சுவிட்சில் இரு முனையிலும் அணைத்துவிட வேண்டும். அணைத்ததும் விளக்கு எரிந்தது.

இரவு காப்புப் பிரதி ஓடும்போது சிஆர்சி பிழைகள் (கெட்டு வந்த தரவுப் பொதிகள்) ஏறின. மதிய வெக்கையில் இணைப்பு விழுந்து விழுந்து எழும்பியது. பொருத்திய ஒப்பந்தக்காரர் புதிய மொடியூல்மீது குற்றம் சொன்னார். 10 ஜிகாபிட் வருடக்கணக்காக ஓடிய பைபரில் பிழை இருக்காது என்பது அவர் வாதம். பழைய மொடியூலைத் திரும்பச் செருகினால் சுத்தமாகவும் ஓடியது. இந்தப் பரிசோதனைதான் ஆளை ஏமாற்றும். இரண்டு மட்டங்கள் மட்டும் கொண்ட பழைய குறி, அழுக்கு பைபரையும் பொறுத்துக்கொள்ளும். பிஏஎம்4 இல் அதே உயரத்துக்குள் நான்கு மட்டங்களை அடுக்குவதால் ஒவ்வோர் இடைவெளியும் மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. சிக்னல் அளவில் அது 9.5 டெசிபெல் நட்டம்.

மொடியூல் தரும் அளவீட்டைப் படித்தபோது, புதிய கட்டடத்திலிருந்து வரும் திசையில் அனுப்புவது மைனஸ் 0.4, பெறுவது மைனஸ் 6.1 டெசிபெல் மில்லிவாட் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட அளவு). இழப்பு 5.7. பெறும் எல்லை மைனஸ் 6.4 ஆகையால் எச்சரிக்கை அடிக்கவில்லை. எதிர்த்திசையில் இழப்பு 2.4 தான். இரண்டு பைபரும் ஒரே கேபிளுக்குள் ஓடுகின்றன. இவ்வளவு வேறுபாடு வந்தால் குற்றம் முனையில் இருக்கும், நடுவில் இராது.

புதிய கட்டடத்தின் சுவர்ப் பெட்டியைத் திறந்தால், முனை தட்டையான நீலத்தலை இணைப்புகளுக்கு நடுவே ஒரு வால்பைபர் (ஒரு முனையில் மட்டும் தலையுள்ள குட்டைப் பைபர்) மட்டும் பச்சைத்தலை. வீடுகளுக்கு பைபர் இணைப்பு கொடுக்கும் வேலைக்கு வரும் எஸ்சி எனும் தலை வகை, முனை 8 பாகை சரிவாகத் தீட்டப்பட்டது. எப்போதோ ஒரு வால்பைபர் உடைந்ததும் கையிலிருந்ததை ஒட்டிவிட்டிருக்கிறார்கள். அதற்குள் நீலத்தலைப் பட்ச் கேபிளைக் குத்தினால் குத்தும். பூட்டும் சத்தமும் கேட்கும். ஆனால் இரண்டு கண்ணாடி முகங்களும் முட்டாமல் இடையில் காற்று நிற்கும். ஒளியில் ஒரு பகுதி சிதறும், தட்டையான முகத்தில் 4 சதவீதம் அளவு வந்த வழியே திரும்பும். அப்படித் திரும்பியது இன்னொரு அழுக்கு முனையில் பட்டு மீண்டும் முன்னோக்கி வந்தால், மூலச் சிக்னலின் பிந்திய நிழலாக அதனோடு கலக்கும். நான்கு மட்டக் குறியை இந்த நிழல்தான் கெடுக்கும். அனுப்பும் திறனைக் கூட்டினால் நிழலும் கூடும். ஆகவே வலுவான மொடியூல் வாங்குவது மருந்தாகாது.

திருத்தம் இப்படி நடந்தது. இரு முனையிலும் லேசரை அணைத்து, எல்லா முனைகளையும் 400 மடங்கு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சிறிய தலையான எல்சி முனைக்கு 1.25 மில்லிமீற்றர், எஸ்சிக்கு 2.5 மில்லிமீற்றர் துடைப்பான். ஒரு தட்டு, மீண்டும் பார்வை. உப்புக்காற்றில் படிந்த பிசுக்குள்ள முனைகளுக்கு மட்டும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் மதுசாரம், உடனே உலர்துடைப்பு. ஈரம் காயவிட்டால் வளையமாகக் கறை நிற்கும். தூசு மூடி போட்டிருந்தது என்பதற்காகச் சுத்தம் என்று நம்பவில்லை; நுண்ணோக்கியில் அழுக்காகத் தெரிந்தவற்றில் மூடி போட்டு வைத்திருந்த முனைகளும் இருந்தன. பச்சைத்தலை வாலை வெட்டி, நீலத்தலை வாலை உருக்கி ஒட்டி, 60 மில்லிமீற்றர் காப்புக்குழாய் போட்டார்கள். பிறகு 1310, 1550 இரண்டிலும் இரு முனையிலிருந்தும் ஓடிடிஆர் (ஒளித்துடிப்பை அனுப்பி, எந்த இடத்தில் எவ்வளவு இழப்பு என்று காட்டும் அளவீடு) எடுத்தார்கள். 1550 இல் மட்டும் ஓரிடத்தில் இழப்புக் கூடினால் அங்கே கேபிள் வளைந்து நசிந்திருக்கிறது என்று பொருள். அப்படி எதுவும் தெரியவில்லை. இழப்பு 2.5 க்கு இறங்கியது, பெறும் அளவு மைனஸ் 2.9 க்கு ஏறியது. பிழை எண்ணி அசையாமல் நின்றது.

இந்த வகை மொடியூலின் ஒரு குணத்தை மறக்கக்கூடாது. சுவிட்சில் பிழைதிருத்தம் நடந்தால் எத்தனை பிழை திருத்தப்பட்டது என்று சுவிட்ச் எண்ணிக் காட்டும். நோய் முற்றுமுன் தெரியும். மொடியூலுக்குள் நடந்தால், பலவற்றில் அந்த எண் வெளியே வராது. திருத்தும் வரை எல்லாம் சுத்தமாகத் தெரியும், எல்லையைத் தாண்டியதும் ஒரேயடியாக விழும். திருத்துமுன் உள்ள பிழைவீதத்தைக் காட்டும் மொடியூலா என்று வாங்குமுன் கேட்பது, விலையில் சில டொலர் குறைப்பதைவிடப் பயன் தரும்.

வெக்கை

மின்வெட்டு வந்தால் யூபிஎஸ் சுவிட்சையும் சேவையகத்தையும் தாங்கும்; ஏசியைத் தாங்காது. ஜெனரேற்றர் எழும்பும்வரை மூடிய அறை சூடேறும். வணிகத்தர மொடியூலின் உடல் 70 பாகை வரைதான். 50 பாகை ஏறினாலும் எஃப்ஆர்1 லேசர் 5 நானோமீற்றர் அளவே நகரும். 13 நானோமீற்றர் இடத்துக்குள் வசதியாக நிற்கும். எல்ஆர்4 இன் குளிரூட்டி அதே நேரத்தில் கூடுதலாக மின்குடித்து இன்னும் சூட்டைக் கக்கும். யாழ்ப்பாணத்து அறைகளுக்கு ஒற்றை லேசர் பொருந்துவது இதனால்தான். மொடியூல்களை அடுத்தடுத்த போர்ட்டில் நெருக்காமல் விட்டு, 60 பாகையில் அறிவிப்பு வரும்படி அமைத்தார்கள்.

சுவிட்சுக்குள்ளேயே ஒளியை வைப்பது

அடுத்த படி, மொடியூலையே ஒழித்துவிட்டு ஒளிச்சில்லைச் சுவிட்ச் சில்லின் பக்கத்திலேயே பதிப்பது. சுவிட்ச் சில்லு செய்யும் பிரோட்கொம் நிறுவனம் 2024 இல் 51.2 டெராபிட் சுவிட்சை இப்படித் தந்தது. என்விடியா 2025 மார்ச்சில் தன்னுடையதை அறிவித்தது. காரணம் நியாயமானது. 800 ஜிகாபிட் மொடியூல் 15 வாட் என்று வைத்தால், 64 போர்ட்டுக்கு 960 வாட் ஒளிக்கு மட்டும் போகிறது. அதில் பெரும் பங்கு, சுவிட்சிலிருந்து முகப்பு வரை சில அங்குலச் செப்பைக் கடந்து களைத்து வந்த சிக்னலைச் சரிசெய்யும் சில்லுக்குப் போவது. அந்த அங்குலங்களை நீக்கினால் ஒளிக்கான மின்சாரம் 70 சதவீதம் குறையும் என்கிறது பிரோட்கொம். 960 என்பது 290 க்குக் கீழே வரும். ஆயிரக்கணக்கில் சுவிட்ச் வைத்திருப்பவருக்கு அது ஒரு மின்நிலையத்தின் கணக்கு.

இந்த வளாகத்துக்கு அது கணக்கே அல்ல. கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. செருகும் மொடியூல் பழுதானால், அலுமாரியிலிருக்கும் உதிரியைக் கழற்றிச் செருக இரண்டு நிமிடம். உள்ளே பதித்த ஒளிச்சில்லு பழுதானால் சுவிட்சே வண்டியேற வேண்டும். அந்தச் சுவிட்சுகளைச் செய்பவர்களும் இதை அறிவார்கள். அதிகம் பழுதாகும் பாகமான லேசரை வெக்கையிலிருந்து விலக்கி, முகப்பில் செருகிக் கழற்றும் பெட்டியில் வைக்கிறார்கள். மொடியூலை ஒழிக்க வந்தவர்களும் லேசருக்குச் செருகியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நடுவழியாக, சிக்னல் சில்லை மட்டும் நீக்கிய செருகு மொடியூல்களும் வந்திருக்கின்றன. அவை சுவிட்ச் சில்லின் திறமையை நம்பியே ஓடும், ஆகவே எந்தச் சுவிட்சோடும் கலந்து போடுவதற்கில்லை.

வளாகம் வாங்கியது எஃப்ஆர்1 மூன்று: இரண்டு ஓட, ஒன்று உதிரி. உதிரியின் அடையாள நினைவகம் இரு முனைச் சுவிட்சுகளும் ஏற்கும்படி எழுதப்பட்டதா என்று இரு பக்கமும் செருகிப் பார்த்த பிறகே அலுமாரிக்குப் போனது. அதோடு நீலத்தலை வால்பைபர் நான்கு, எல்சி எஸ்சி துடைப்பான் ஒவ்வொன்று. சுவர்ப் பெட்டியின் உள்மூடியில் இரு திசையின் அனுப்பும் பெறும் அளவு, ஓடிடிஆர் எடுத்த திகதி, சுவிட்சில் பிழைதிருத்தம் அணைத்திருக்க வேண்டும் என்ற குறிப்பு, இந்தப் பெட்டிக்குள் பச்சைத்தலை போடக்கூடாது என்ற வரி ஆகிய நான்கும் ஒட்டப்பட்டிருக்கின்றன.